பூனைக்கு மேல் கறுப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் பாப்பாவும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும், பக்கத்தில் நின்று உன் அக்கா கேட்பாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அதனால்தான் பாப்பாவின் நோட்டில் தாள் கிழித்து, நம் பெயிண்ட் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்காவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், நான்தான் படி கட்டினேன் என்பதுபோல. பாப்பா எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண், கணக்கில் மட்டும் தாய்மாமனைக் கொண்டிருக்கிறாள். நீ விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்ரஸர் இப்போது காற்றைவிட எண்ணெயைத்தான் அதிகம் துப்புகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் தெருமுனை பேக்கரிக்காரர் ஒரு பழைய பைக் வாங்கி வந்தார். கறுப்பு டேங்க். எங்கோ விழுந்து, ஹேண்டில் திரும்பி இடித்ததில் டேங்க்கின் இடது பக்கம் உள்ளங்கை அளவுக்குக் குழி. பட்டி வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் கறுப்பு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார். கறுப்புதானே என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். கறுப்பில் எத்தனை கறுப்பு இருக்கிறது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். இது லேசாக நீலம் ஓடுகிற கறுப்பு. பார்த்ததுமே எங்கேயோ பழகிய கறுப்பாக இருக்கிறதே என்று தோன்றியது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழியைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வளையம் வளையமாக ஒவ்வொரு பூச்சும் வெளியே வருமே, அப்படி வந்தது. முதலில் கறுப்பு, அடுத்து சாம்பல் பிரைமர், அதற்கடுத்து நூல் அகலத்துக்கு நிறமே இல்லாத ஒரு வளையம். அதற்கும் கீழே ஆரஞ்சு, அதில் பழுப்புக் கோடு. கடைசியாகப் பச்சை. பெட்ரோல் மூடி வளையத்தின் திருகுகளைக் கழற்றித் தூக்கினேன். சூரியன் படாத அந்த இடத்தில், பளிச்சென்ற பச்சையின் மேல் ஒரு வால் நுனி இருந்தது.

டீச்சர் டேங்க், மச்சான். டீச்சரின் வீட்டுக்காரர் சாவதற்கு முந்தின வருஷம் தன் கையால் வரைந்த பூனை. தூங்குகிற பூனை, வால் பெட்ரோல் மூடியைச் சுற்றிப் போகும். ஒரு பக்கம் ஐந்து மீசை, மறுபக்கம் நான்கு. பூனையா ஆடா என்று நீயும் நானும் பந்தயம் கட்டிச் சிரித்த அதே பூனை. மூடியைக்கூடக் கழற்றாமல் அப்படியே மேலே உன் கறுப்பை அடித்திருக்கிறாய். அவசரத்திலும் ஒரு தொழில் நேர்மை வேண்டாமா?

நான்கு வருஷத்துக்கு முன்னால் நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தேன். டீச்சர் வேலைக்கு விட்டிருந்த வண்டிக்குப் பக்கத்தில், கொக்கியில் நிர்வாணமாக ஒரு டேங்க் தொங்கியது, பெயிண்ட் ஒரு பொட்டுகூட இல்லாமல். பெயிண்ட் ரிமூவர் டப்பா சாய்ஞ்சு பூனை மேல கொட்டிருச்சு மாமா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் உரிஞ்சு போச்சு என்று அழுதாய். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. பெண் வீடும் டீச்சர் வீடும் ஒரே தெரு. விஷயம் அந்தத் தெருவுக்குப் போனால் உன் பெயர் கெட்டுவிடும் என்று நான்தான் யோசித்தேன். டீச்சர் வீட்டுக்குப் போய், தப்பு என் கையால நடந்தது டீச்சர் என்று சொன்னேன்.

அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. சரி, பச்சையாவது பழைய பச்சையா இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் நம் பட்டறைப் பக்கம் வருவதில்லை. என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். நான்கு வருஷம், மச்சான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பட்டறைக்குள்ளேயே இருந்துகொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த டேங்க்குக்குப் பச்சை அடித்தது நான்தான். கொக்கியிலிருந்து எடுத்தபோது கைக்கு லேசாகத்தான் இருந்தது. விரலை மடக்கி ஒரு தட்டு தட்டியிருந்தால், தகர டப்பாபோல் ஒலித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். யாரோ மெல்லிய தகட்டில் செய்த போலி டேங்க் அது. வெளியாள் கொண்டுவரும் எந்த டேங்க்கையும் தட்டிப் பார்க்காமல் நான் கையில் எடுத்ததில்லை. நீ கொடுத்ததால் தட்டவில்லை. பச்சையை நீ ஒரே கலவையில் அச்சு அசலாகக் கொண்டுவந்தாய். எப்படிடா என்று கேட்டதற்கு, ஞாபகத்துல இருந்து கலக்கினேன் மாமா என்றாய். என் மச்சானுக்குக் கண்ணுக்குள்ளேயே கலர் டப்பா இருக்கிறது என்று ஊர் பூராவும் சொல்லித் திரிந்தேன். அசல் டேங்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலக்கியிருக்கிறாய். என் காதில் பூ சுற்றுவது உனக்கு அவ்வளவு லேசாக இருந்திருக்கிறது.

ஏன் செய்தாய் என்றும் தெரிந்துவிட்டது. பேக்கரிக்காரருக்கு அந்த வண்டியை விற்றவர், உனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்த பெரியவரேதான். பழைய வண்டிப் பைத்தியம். தேடி அலைந்த டேங்க்கை உங்கள் தெருப் பட்டறைக்காரரின் மச்சான்தான் கொண்டுவந்து கொடுத்தான் என்று பேக்கரிக்காரரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு உள்ளே பூனை இருப்பது தெரியாது. என்னிடம் கேட்டிருந்தால் ஆறு மாசம் அலைந்தாவது அவருக்கு வேறு டேங்க் பிடித்துக் கொடுத்திருப்பேனே.

இப்போது பூனையை வெளியே எடுக்க வேண்டும். பேக்கரிக்காரர் நல்ல மனிதர், பெட்ரோல் ஒழுகாத டேங்க் எதுவா இருந்தாலும் சரி, பூனையை டீச்சருக்கே குடுத்துருங்க என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த நிறமில்லாத வளையம் யாருடையது? டீச்சர் வீட்டுக்காரர் பிரஷ்ஷால் பூசிய வார்னிஷா, இல்லை கறுப்புக்கு முன்னால் நீ ஹார்டனர் கலந்து அடித்த கிளியரா? உன் கிளியர் என்றால் அது தின்னருக்குக் கரையாது, தின்னர் துணியால் துடைத்தாலே கறுப்பும் சாம்பலும் போய்விடும், பூனைக்கு ஒன்றும் ஆகாது. அவருடைய வார்னிஷ் என்றால் கறுப்போடு பூனையும் துணியில் வந்துவிடும். அப்புறம் பொறுமையாக உப்புத்தாளில் மாசக்கணக்கில் தேய்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது, அதிலும் பாதிதான் தேறும்.

ஓரத்தில் ஒரு சொட்டு தின்னர் வைத்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும் என்று நீ சொல்வாய். தெரியும். வைக்க மனம் வரவில்லை. நீயே சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. செய்தது செய்துவிட்டாய், அந்தப் பூனையைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஒரு நிமிஷமாவது தோன்றியதா என்று உன் வாயால் தெரிந்தால் போதும். உண்மை எதுவாக இருந்தாலும் எழுது. நான் அதை வைத்து வேலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் பட்டறை விலாசத்துக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா


அன்புள்ள மச்சானுக்கு,

உன் பதில் போன திங்கட்கிழமை வந்தது. மூணு கோட் கிளியர் அடிச்சேன் மாமா, ஹார்டனர் கலந்து, என்னைக்காவது அந்தப் பூனையை டீச்சர்கிட்ட திருப்பிக் குடுக்கணும்னு நெனச்சுத்தான் அடிச்சேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்கு என்ன ஆனது என்று உனக்குச் சொல்லவேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அதற்குமேல் மறைக்க முடியாமல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, உன் கடிதத்தையும் கொடுத்தேன். முதலில் அடித்துக்கொண்டு அழுதாள். உன் கடிதத்தைப் படித்த பிறகு, என் தம்பி அவ்ளோ கல்நெஞ்சுக்காரன் இல்லைங்க, பாருங்க, மூணு கோட் என்று என்னிடமே வாதாடினாள்.

நான் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர், அப்ப நாலு வருஷமா தப்பான ஆள் மேல கோவப்பட்டிருக்கேன் என்றார். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, உங்க கண் முன்னாடியே துடைச்சு எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார், விரலில் சாக்பீஸ் தூளோடு. நான்கு வருஷம் கழித்து நம் பட்டறை வாசலை மிதித்தார். அக்கா அவருக்கு நாற்காலி துடைத்துப் போட்டாள்.

சொட்டு வைத்துப் பார்த்தாயா என்று கேட்பாய். பார்க்கவில்லை. நீ மூன்று கோட் என்று எழுதியிருந்தாயே.

தலைப் பக்கம் ஆரம்பித்தேன். கறுப்பு போனது, சாம்பல் போனது. ஒரு கண் தெரிந்தது, மூடிய கண். அப்புறம் காது, நான்கு மீசை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்கிட்ட அப்பவே சொன்னேன் இது ஆடுன்னு, கேக்கவே இல்ல என்றார். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை துணியை வைத்தேன். பாலாடைபோல் ஏதோ சுருங்கி எழும்பியது. கையை எடுப்பதற்குள் காது வழுக்கிக்கொண்டு போயிற்று. துணியைப் பார்த்தால் ஆரஞ்சு. தண்ணீர் கொண்டுவந்து கழுவினேன், கையால் ஒற்றினேன், ஊதினேன். ஊதினால் நிற்கும் என்று எந்த மடையன் சொன்னான் எனக்கு? கண்ணும் போயிற்று. நீ ஒரு கோட்கூட அடிக்கவில்லை, மச்சான்.

டீச்சர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். போதும், நிறுத்துங்க என்றார். உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாக முயன்று பார்க்கிறேன், மாசக்கணக்கானாலும் பரவாயில்லை என்று கெஞ்சினேன். வேண்டாம், மிச்சம் இருக்கறது உள்ளயே இருக்கட்டும், எங்கே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். தலை இருந்த இடத்தை மூடிக் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து உன் கறுப்புக்குப் பொருத்தமாகக் கறுப்பு கலந்தேன். நீலம் ஒரு துளி கூடினால் தெரிகிறது, குறைந்தால் தெரிகிறது. ஏழாவது கலவையில்தான் ஒட்டியது. குழிக்குப் பட்டி வைத்து, தலைக்கும் குழிக்கும் சேர்த்து அடித்தேன். எங்கே சேர்த்தேன் என்று நீ வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு கலர் சேர்த்ததில்லை, இவ்வளவு அருவருப்போடும் சேர்த்ததில்லை. டீச்சர் அந்தக் கறுப்பு டேங்க்கைத் தன் பச்சை வண்டியிலேயே மாட்டிக்கொண்டு போகிறார். பார்க்க என்னவோபோல் இருக்கிறது. அவர் வண்டியில் இருந்த போலி டேங்க்குக்குக் கறுப்பு அடித்துப் பேக்கரிக்காரருக்குக் கொடுத்தேன், அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் செய்ததற்கு உனக்கு ஒரு காரணம் இருந்தது. வேலை, கல்யாணம், பயம். அதை நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். இந்த முறை நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, உண்மையைத் தவிர. கிளியர் அடிக்கல மாமா என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிப் பூனையாவது பிழைத்திருக்கும். என் முன்னால் நல்லவனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பாதியையும் கொடுத்துவிட்டாய்.

அக்கா உன் போனை எடுப்பதில்லை என்று வருத்தப்படாதே. அடிக்கிறபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, அது அடித்து ஓய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

தங்கச்சியும் குழந்தைகளும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உன் வேலை நிலைக்கட்டும். நீ சொன்னதைச் சரிபார்க்காமல் அப்படியே நம்புகிற ஆள் அங்கேயும் ஒருத்தன் உனக்குக் கிடைத்திருப்பான். அவனையாவது நல்லபடியாக வைத்துக்கொள், மச்சான். எனக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் புருஷன்