நுளம்பு வலை கட்டிய கட்டில்

பெப்ரவரி 3, செவ்வாய்

துறைமுகத்திலிருந்து ஒரு மாலுமியைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல், பல் முரசில் இரத்தம். டெங்கு என்றார் டொக்டர். எங்களுக்குத் தெரியாத டெங்கா? வலை கட்டுவதில் இந்த வார்டு அற்றன்டன்மாரில் என்னை வெல்ல ஆளில்லை. ஓட்டை விடாமல் செருகினேன். உள்ளே மாப்பிள்ளை மாதிரிக் கிடந்தான்.

தாதி மைமூனா மிஸ்ஸிக்குக் கையுறையோடு நரம்பு பிடிபடாது. கழற்றிவிட்டுத்தான் தேடுவா. நான் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, தோப்பூரில் கலியாணத்தன்று மாப்பிள்ளை காணாமல்போன கதையை அவிழ்த்தேன்.

"உங்கட வாய் றேடியோவைக் குறையுங்கோ இரத்தினேஸ்வரி அக்கா, நரம்பு ஓடுது."

ஊசி விலகியது. எங்கள் இரண்டு பேரின் கையிலும் அவனுடைய இரத்தம். கதை பாதியில் நின்றது.

பெப்ரவரி 6

மாலுமி செத்துப்போனான். அவன் பெயரை ஒழுங்காகச் சொல்லக்கூட எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பெப்ரவரி 9

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. டெங்கு இல்லையாம். உண்ணியால் வரும் இரத்தப்போக்குக் காய்ச்சலாம். நோயாளியின் இரத்தம் பட்டால் மற்றவருக்கும் தொற்றுமாம். நுளம்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எவ்வளவு வடிவாக வலை கட்டினேன்!

மிஸ்ஸிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல்.

பெப்ரவரி 12

மிஸ்ஸிக்கும் அதே அறை, அதே கட்டில். தலை முதல் கால்வரை மூடும் உடுப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. போட்டால் நான் நடமாடும் அரிசி மூட்டை. கண்ணாடிக்கு வெளியே அவவின் புருஷன் சரீப் நிற்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார்.

"அக்கா, அந்த மாப்பிள்ளை எங்க போனவராம்?"

"நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். கேட்கும் ஆசையிலாவது ஆள் உயிரோடு கிடக்கட்டும் என்றுதான்.

சிரித்தா. முரசில் இரத்தம்.

பெப்ரவரி 13

விடிய முதல் மிஸ்ஸி போயிட்டா.

சொல்லியிருக்கலாம். ஏன் மிச்சம் வைச்சனான்? ஊரெல்லாம் உளறுற வாய் — நேத்து மட்டும் ஏன் அடங்கினது?

பெப்ரவரி 16

எனக்கும் காய்ச்சல். அதே கட்டில்தான். இம்முறை வலை கட்டவில்லை, தேவையில்லையாம். என் இடத்துக்கு வந்திருக்கும் ரிஷாத் உடுப்புக்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டிவிட்டு, சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிறான். கதைக்க நிற்பதில்லை. அவனில் பிழை சொல்ல ஏலாது.

காலையில் பல் தீட்டியபோது தண்ணீர் சிவந்தது.

ஒரு நுளம்பு காதடியில் சுற்றுகிறது. முகமூடி இல்லாமல் என் பக்கம் வருவது இப்போது அது ஒன்றுதான். அடிக்க மனம் வரவில்லை.

மாப்பிள்ளை தன் வீட்டு அலுமாரிக்குள்தான் ஒளிந்திருந்தார் என்று அதற்குச் சொன்னேன்.