வெறுமனே ஒரு வாய்

உன் தம்பி நேற்று பல்லடத்திலிருந்து வந்திருந்தான். துணிப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏனுங்கக்கா, இது எங்கக்காவோட அலமாரில இருந்துதுங்க. அம்மா பாத்தா சங்கடப்படும். நீங்களே வெச்சுக்குங்க" என்றான். சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தேன். பாதி காலியான ஸ்பெயின் பிராந்தி. அவன் போனபின் கார்க்கை இழுத்தேன். உன் வீட்டு முன்னறையின் வாசனை அப்படியே வந்தது.

உன் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் தரும் ஸ்பெயின்காரர் வருஷத்துக்கு ஒன்று கொடுப்பார். நாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வோம். முதல்முறை நான் தயங்கியபோது, "புள்ள பெத்தவளுக்கு மருந்துன்னு ஒரு மூடி ஊத்துவாங்கல்ல? பெக்காத நமக்கு ரெண்டு மூடி" என்று ஊற்றினாய்.

"மொதல்ல வெறுமனே. அப்பறந்தான் கலக்கறது." அது உன் சட்டம். ஒரு வாயை நாக்கில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஒலர்ந்த திராட்சை, தீஞ்ச வெல்லம், மழையில நனைஞ்ச மரம்" என்று அடுக்குவாய். எனக்குச் சாராய நெடி மட்டும்தான். "பாட்டில்ல எழுதியிருக்கறதைப் படிச்சுப்போட்டு ஒப்பிக்கறே" என்பேன். பிறகு எலுமிச்சை, நன்னாரி சர்பத், ஐஸ் எல்லாம் சேர்த்துக் குலுக்குவாய். அது எனக்குப் பிடிக்கும். "உனக்குச் சர்பத்தே போதும் புள்ள, பிராந்தி தண்டம்."

கடைசியாக இதைத் திறந்தது, தொண்டைக்குக் கதிர்வீச்சு முடிந்த பிறகு. உனக்கு எதுவும் ருசிக்கவில்லை. சோறு மணல் மாதிரி இருக்கிறது என்றாய். டம்ளரை என் பக்கம் தள்ளினாய்.

"நீ குடிச்சுப்போட்டு சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

குடித்தேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நல்லா இருக்கு."

"அப்பறம்?"

"சூடா எறங்குது."

"டாக்டர் பட்டம் வாங்கினவ சொல்ற லட்சணத்தைப் பாரு" என்று சர்பத் கலந்து நீட்டினாய். "இது?"

"இனிப்பா இருக்கு."

தலையாட்டினாய். அதற்குமேல் கேட்கவில்லை. கல்லூரி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை. இட்டுக்கட்டிச் சொன்னால் நீ உடனே கண்டுபிடித்துவிடுவாய்.

இன்று மாலை வெறுமனே ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தினேன். உலர்ந்த திராட்சை வந்தது. பின்னாலேயே தீய்ந்த வெல்லம். அவை பிராந்தியில் இருந்தனவா, உன் பேச்சிலிருந்து வந்தனவா, என்னால் பிரிக்க முடியவில்லை. எனக்கென்று ஒரு சொல் இன்றும் வரவில்லை.

நீ போனதிலிருந்து காலைக் காபியைக்கூட நான் உடனே விழுங்குவதில்லை. வாயில் வைத்துக்கொண்டு, இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். டம்ளரில் மீதி ஆறிப்போகிறது.