சாக்கடையை மூடச் செல்வாக்கு மதிப்பெண் கேட்பது குறித்து

அனுப்புநர்:
தையற்காரம்மாவின் இளைய மகள்,
கதவு எண் 7, கீழ்த்தளப் பின்அறை,
அச்சகத்துச் சந்து.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: அச்சகத்துச் சந்தின் பதினொன்றாம் எண் பாதாளச் சாக்கடை மூடி உடைந்து கழிவுநீர் வீட்டுக்குள் வருவது; அதைச் சரிசெய்ய என் வலைப்பூவின் தரவரிசையைக் கேட்பது தொடர்பாக.

பார்வை: இதற்கு முன் கொண்டுவந்த மூன்று மனுக்கள் (வாங்கிக்கொள்ளப்படவில்லை).

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் நின்றுவிட்டேன். தங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வந்ததில் பாதியைக்கூடச் சொல்லாமல் திரும்பினேன். ஆகவே எழுத்தில் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் அம்மா தலையணை உறைகளும் மருத்துவமனைக்கு நோயாளி அங்கிகளும் தைக்கிறார். கால் மிஷின். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இடது காலில் சுண்டுவிரலைச் சென்ற வருடம் எடுத்துவிட்டார்கள். இப்போது அதே பாதத்தில் புண். “சாக்கடைத் தண்ணி மட்டும் படவே கூடாதும்மா. பட்டா விரலோட நிக்காது” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

2. நான்கு மாதங்களுக்கு முன் அச்சகத்துக்குக் காகிதம் ஏற்றிவந்த லாரியின் சக்கரம் ஏறி, பதினொன்றாம் மூடி இரண்டாகப் பிளந்து குழிக்குள் விழுந்தது. விழுந்த துண்டு அடைத்துக்கொண்டது. காலையில் மாடி வீடுகளில் எல்லோரும் குளித்துக் கழித்து முடிக்கும் நேரத்தில் அது எங்கள் அறைக்குள் ஏறுகிறது. என்னென்ன மிதந்து வருகிறது என்பதை எழுதக் கை கூசுகிறது. தையல் நாடாவால் அளந்து சுவரில் பென்சிலால் குறித்துவருகிறேன். முதல் மாதம் ஓர் அங்குலம். இப்போது நாலரை. மிஷினைச் செங்கல் மேல் ஏற்றியிருக்கிறோம். ஆனாலும் மிதிபலகை கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அம்மாவின் பாதம் அந்தத் தண்ணீரைத் தொட்டுவிட்டு மேலே வருகிறது. பிளாஸ்டிக் பையைச் சுற்றி எலாஸ்டிக் கட்டிவிடுகிறேன். பை அரை நாளில் ஓட்டையாகிவிடுகிறது.

3. முதல் மனுவுடன் வந்தபோது குறைதீர் பிரிவில் இருந்த எழுத்தர் அதை வாங்கவில்லை. “வலைப்பூ இருக்கா? ரேங்க் என்ன?” என்றார். தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். இணையத்தின் செல்வாக்குப் பட்டியலில் முதல் நூறு இடங்களுக்குள் இருக்கும் வலைப்பூக்களில் வரும் புகார்கள் ஏழு நாட்களில் கவனிக்கப்படும், மற்றவை வரிசைப்படி என்று அதில் இருந்தது. அந்த வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்று மெதுவாகக் கேட்டேன். “வரிசைன்னா வரிசைதாம்மா. அதுக்கு முடிவு இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

4. ஆகவே கைபேசியில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். பெயர் ‘பதினொன்றாம் மூடி’. தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை அங்குலம், எப்போது வடிந்தது என்று இருபத்திரண்டு நாட்கள் எழுதினேன். பட்டியலில் என் இடம் 4,312. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இணைப்புச் சுட்டி கொடுத்தார்கள், எத்தனை பின்னூட்டம் விழுந்தது என்று எண்ணித்தான் இடம் தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். எழுதியிருப்பதை அங்கே ஒருவரும் படிப்பதில்லை. கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் என் பெரியம்மா மகன், “அங்குலம் அங்குலமா எழுதினா எவன்டி படிப்பான்? ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறியா? படம் போடு. பாத்தவனுக்கு வயித்தைப் புரட்டணும். அப்பதான் ஏறும்” என்றான்.

5. இனி எழுதப்போவதில் என் தவறும் இருக்கிறது. மறைக்கவில்லை. ஒரு மதியம், புண்ணின் கட்டைப் பிரித்துக் காற்றாட விட்டு அம்மா கண்ணயர்ந்திருந்தபோது, அந்தக் காலைப் படம் எடுத்துப் போட்டேன். கேட்கவில்லை. இரண்டே நாளில் என் வலைப்பூ பத்தொன்பதாம் இடத்துக்கு வந்தது.

வந்த பின்னூட்டங்களில் சிலவற்றை உள்ளது உள்ளபடி தருகிறேன். “சாப்பிடும்போது பாத்துத் தொலைச்சேன், நாசமாப் போ.” “பொய். சிவப்பு நெயில் பாலிஷை ஊத்தி எடுத்திருக்கா.” “உவ்வே! நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.” “அடுத்த விரலை எப்ப எடுப்பாங்க? அன்னிக்குப் படம் உண்டா?” ஒவ்வொரு வசவுக்கும் என் மதிப்பெண் ஏறியது. பாராட்டா ஏச்சா என்று தம் அளவுகோல் பார்ப்பதில்லை என்று பட்டியல் நடத்துபவர்கள் எனக்குப் பெருமையாகக் கடிதமே எழுதினார்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லித் தங்கநிறப் பட்டை ஒன்றும் அனுப்பினார்கள். என்னைச் சேர்த்திருந்த பிரிவு ‘அழகும் உடல்நலமும்’. பதினெட்டாம் இடத்தில் இருந்தவர் நகப்பூச்சு பற்றி எழுதும் அக்கா. ஒருவருக்கொருவர் சுட்டி கொடுத்துக்கொண்டால் இருவரும் ஏறலாமே என்று அன்பாகக் கேட்டிருந்தார்.

6. நான்கு மாதங்களாக என்னைக் கண்ணெடுத்துப் பார்க்காத தங்கள் அலுவலகம், பத்தொன்பதாம் இடம் வந்த அன்று மதியமே கூப்பிட்டது. ‘செல்வாக்குமிக்க குரல்கள்’ என்ற பாராட்டு நிகழ்ச்சிக்கு அழைப்பு. மறுநாள் மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து ஒருவர் கேமராவுடன் வந்தார். குழியின் ஓரத்தில், மூக்கில் கைக்குட்டையோடு, தன்னையே படம் எடுத்துக்கொண்டார். பிறகு காய்ந்திருந்த படியில் நின்றபடி, “அம்மா, அந்தக் காலைக் கொஞ்சம் வெளிச்சத்துல நீட்டுங்க” என்றார். அம்மா எதற்கு என்று கேட்டார். அவர் தன் கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே காட்டினார். “உங்களுக்குத் தெரியாதா? உங்க கால்தாம்மா பத்தொன்பதாவது இடம்! வாழ்த்துக்கள்!”

அம்மா துணிக் குவியலுக்குள் காலை இழுத்துக்கொண்டார். கேமராக்காரர் போனதும் அம்மா, “என் காலையாடி கடை பரப்பின?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்தார். கத்திரிக்கோலை எடுத்துக் கொடு என்றுகூடக் கேட்காமல் பல்லால் நூலைக் கடித்தார்.

7. படத்தை அன்றே நீக்கிவிட்டேன். மூன்றாம் நாள் என் இடம் 3,960. நான்காம் நாள் தங்கள் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி: “செல்வாக்குக் குறைவு காரணமாகத் தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.” பலகையில் போட்டிருந்த ஏழு நாட்களே இன்னும் ஆகவில்லை. மூடியை யாரும் தொடவில்லை. கேமராக்காரர் தவிர யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் நீக்கிய படத்தைப் பட்டியல்காரர்கள் ‘இம்மாதத்தின் உச்சம்’ என்று தம் பக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள். எடுத்துவிடும்படி எழுதினேன். முதல் நூறு இடங்களில் உள்ளவர்களின் கடிதங்களுக்கு மட்டுமே பதில் தருவார்களாம்.

8. ஐயா, சாக்கடை நாற்றத்தோடு நான்கு மாதமாகச் சோறு தின்கிறேன். அது பழகிவிட்டது. ஒரு மனுஷியின் புண்ணுக்கு மதிப்பெண் போட்டு, அது ஏறினால் ஓடி வந்து, இறங்கினால் கோப்பை மூடுகிறார்களே, இந்த நாற்றம்தான் எனக்குப் பழகவில்லை. அன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் தெருவிளக்குக்காக வந்திருந்தார். அவரிடம் கைபேசியே இல்லை. அவர் எந்தக் காலைக் காட்டுவார்?

9. எனவே தாங்கள் தயவுகூர்ந்து,
(அ) பதினொன்றாம் குழியிலிருந்து உடைந்த துண்டை எடுத்து, அடைப்பை நீக்கி, புது மூடி போட உத்தரவிட வேண்டும்.
(ஆ) குறைதீர் பிரிவில் தரவரிசை கேட்பதை நிறுத்தி, காகிதத்தில் வரும் மனுவையும் முத்திரை குத்தி வாங்கச் சொல்ல வேண்டும்.
(இ) தங்கள் அலுவலகம் நம்பியிருக்கும் பட்டியல்காரர்களுக்குத் தாங்கள் ஒரு வரி எழுதினால் எடுத்துவிடுவார்கள். அந்தப் படத்தை எடுக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் (அ) போதும். நேற்று டாக்டர் பார்த்தார். அடுத்த விரலின் ஓரத்தில் கறுப்பு தட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை கால் காய்ந்திருந்தால் மருந்தோடு விடலாம், இல்லையென்றால் வெட்டத்தான் வேண்டும் என்றார். இன்று செவ்வாய். தைக்காமல் இருக்கச் சொன்னால் அம்மா கேட்கமாட்டார். மருத்துவமனை அங்கிகளை வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும். வருகிறவர்கள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு வரட்டும். கேமரா வேண்டாம்.

இந்த மனுவை அனுப்பும் முன் அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். காலைப் பற்றி எழுதலாமா என்று இம்முறை கேட்டேன். அம்மா மிஷினை நிறுத்தினார். “எழுது. எழுத்துல இருந்தா பரவால்ல, படிக்கிறவங்க நின்னு படிக்கணும்ல” என்றார். சம்மதத்துக்கு அடையாளமாகக் கீழே அம்மாவும் கையெழுத்திட்டிருக்கிறார்.

நாள்: இம்மாதம் 14, செவ்வாய்க்கிழமை
இடம்: அச்சகத்துச் சந்து

தங்கள் ஆட்கள் வரும் வரை கதவைத் திறந்து வைத்திருக்கும்,
(கையொப்பம்) இளைய மகள்
(கையொப்பம்) தையற்காரம்மா

இணைப்பு: படம் எதுவும் இணைக்கப்படவில்லை.