ஏழாம் இடம்

ஓசூர்
5.9.2024

அன்புள்ள ஜெய்லானி,

முதுகு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. உட்கார ஒரு மணி நேரம், நடக்கப் பத்து நிமிஷம் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். கம்பெனியில் டிசம்பர் வரை லீவு. என் கதை இவ்வளவுதான். நீயும் லத்திபாவும் எப்படி இருக்கிறீர்கள்? பட்டறையில் மோட்டார்கள் குவிந்து கிடக்குமே, இது சம்சாரிகள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற நேரம்.

படுத்தபடியே ஒரு வேலை செய்தேன், சிரிக்காதே. ஒரு கால்பந்து கிளப்பை நாமே மேனேஜராக இருந்து நடத்துகிற கம்ப்யூட்டர் கேம் இருக்கிறது. அதில் நம் உத்தமபாளையம் முல்லை கழகத்தை உருவாக்கினேன். கோச் நீ எடுத்த பதினெட்டுப் பேரையும் ஏற்றி, ஓட்டம், பாஸ், தைரியம், உடம்பு என்று ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு எவ்வளவு என்று எண் கொடுத்தேன். பள்ளத்தாக்கு லீக்கின் மற்ற ஏழு அணிகளையும் போட்டேன். பிறகு வரப்போகும் சீசனை நூறு முறை ஓட்டிப் பார்த்தேன்.

அறுபத்து மூன்று முறை ஏழாம் இடம். கடைசி இரண்டு அணிகள் கீழே இறங்கிவிடும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரணமும் தெரிகிறது. முதல் ஐந்து, ஆறு ஆட்டத்துக்குள் கேப்டன் லிங்கேஸ்வரனின் வலது முழங்கால் போய்விடுகிறது. அதற்குப் பிறகு பின்வரிசை சிதறிவிடுகிறது. அவனுக்கு முதல் ஒரு மாதம் ஓய்வு கொடுத்து ஓட்டினால் நாலாம் இடம்கூட வருகிறது. யோசித்துப் பார், மாப்ள.

அன்புடன்,
மாரிசெல்வம்


உத்தமபாளையம்
12.9.2024

அன்புள்ள மாரிக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகைப் பார்த்துக்கொள். லத்திபா தினமும் உனக்காக துஆ செய்வதாகச் சொல்லச் சொன்னாள்.

போனில் கேட்டிருப்பேன். ஆனால் பட்டறையில் என் போன் யார் கையில் இருக்கும் என்று எனக்கே தெரியாது. இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய பேச்சு.

லிங்கேசுக்கு வலது முழங்கால் என்று உனக்கு எப்படித் தெரியும்? இடது என்று வரவில்லை. தோள்பட்டை என்று வரவில்லை. நீ ஊரில் கடைசியாக எங்கள் ஆட்டத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. அவன் என்னிடம் வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் நீயும் ஒரே பின்வரிசையில் பதினொரு வருஷம் ஆடியவர்கள். மறைக்காமல் சொல். என் அணியிலிருந்து யார் உன்னிடம் பேசுகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். லிங்கேசு ஆடுகிறான்.

ஜெய்லானி


ஓசூர்
18.9.2024

அன்புள்ள ஜெய்லானி,

முதல் ஆட்டத்தில் ஜெயித்ததைக் கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் பார்த்தேன். சந்தோஷம்.

நீ கேட்டதற்குப் பதில்: நீங்கள் போடுகிற வீடியோக்களைத்தான் பார்த்தேன். அவன் வலது பக்கம் திரும்பும்போது கொஞ்சம் தயங்குவது போலத் தெரிந்தது. அதற்கேற்ப எண் கொடுத்தேன். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. யார் சொன்னார்கள் என்று தேடுவதை விட்டுவிட்டு அவனை ஒரு தடவை டாக்டரிடம் காட்டு. ஸ்கேன் எடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

மாரி


உத்தமபாளையம்
7.10.2024

மாரிக்கு,

நேற்று கம்பம் அணியிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். மூன்றும் லிங்கேசின் வலது பக்கமாக வந்தவை. வேறு எந்தப் பக்கமும் அவர்கள் பந்தைக் கொண்டுபோகவே இல்லை. கம்பத்துக் கோச் யார் என்று உனக்குத் தெரியும். நம்மோடு ஆடிய நவாஸ்.

போன வாரம் கம்பம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நவாசோடு நின்று பேசிக்கொண்டிருந்தவனை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கள் வலது ஓர ஆட்டக்காரன் ஒச்சாண்டி. அவன் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது ஓசூரில். நீ இருப்பதும் ஓசூரில். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஓசூர்ல யாருகிட்டடா பேசுற?"

"எங்க அக்காகிட்டண்ணே."

"அக்காகிட்ட மட்டுந்தானா? நவாசுகிட்ட என்ன பேச்சு?"

"பஸ்சுக்கு நின்னேன். டீ சாப்புடுறியான்னு கேட்டாக. நீங்க என்ன கேக்குறீகன்னே எனக்குப் புரியலண்ணே."

"புரியிற வரைக்கும் கிரவுண்டுப் பக்கம் வராத."

ஜெர்சியைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு, திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போட்டுப்போகிற பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். குற்றமில்லாதவன் என்றால் சண்டை போட்டிருக்க மாட்டானா?

லத்திபாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ள மூஞ்சியப் பாத்தாவது கேட்டீகளா?" என்கிறாள். அவளுக்கு எல்லோரும் நல்லவர்கள்.

நீ சொல்லி நவாசுக்குத் தெரிந்ததா, ஒச்சாண்டி சொல்லி உங்கள் இருவருக்கும் தெரிந்ததா, அது மட்டும்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். எழுதுவதாக இருந்தால் உண்மையை எழுது.

ஜெய்லானி


ஓசூர்
10.10.2024

ஜெய்லானி,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. வந்ததிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டேன். யாரோ எடுத்து, "அண்ணன் பேச மாட்டாக" என்று வைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பிலும் என்னை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். நாளையும் மறுநாளும் பூஜை விடுமுறை. எப்போது வந்து சேருமோ தெரியவில்லை.

ஒச்சாண்டியோடு நான் ஒருநாளும் பேசியதில்லை. அவன் அக்கா வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. நவாசிடம் பேசி மூன்று வருஷம் ஆகிறது. லிங்கேசு வலது பக்கம் திரும்பத் தயங்குவதை அவன் கிரவுண்டிலேயே கண்டுபிடித்திருப்பான்.

என்னிடம் சொன்னவன் லிங்கேசுதான்.

என் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் இங்கே வந்தான். பெங்களூரில் கல்யாணம் என்று உன்னிடம் மூன்று நாள் லீவு கேட்டானே, அப்போதுதான். நான் காட்டுகிற டாக்டரிடமே அவனைக் கூட்டிப்போனேன். முழங்காலுக்குள் இருக்கிற ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆடவே கூடாது என்றார் டாக்டர். இவன் அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜனவரியில விளையாட்டுக் கோட்டாவுல போலீஸ் செலக்சன் இருக்குண்ணே. இந்த சீசன் முழுசும் ஆடுனாத்தான் கூப்புடுவாக. ஜெய்லானி அண்ணனுக்குத் தெரிஞ்சா உக்கார வச்சுருவாக. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க." நானும் பண்ணினேன்.

சத்தியத்தை மீறவும் மனசு வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அப்போதுதான் இந்த கேம் ஞாபகம் வந்தது. சீசனை நூறு முறை ஓட்டியது உண்மை. ஏழாம் இடம் வந்ததும் உண்மை. ஆனால் அந்த முழங்காலுக்கு நான் கொடுத்த எண் வீடியோவைப் பார்த்துக் கொடுத்ததில்லை, ஸ்கேனைப் பார்த்துக் கொடுத்தது. கம்ப்யூட்டர் சொன்னதாகச் சொன்னால் நீ உஷாராகிவிடுவாய், நான் கொடுத்த வாக்கும் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். நடுவில் ஒரு பாவப்பட்டவன் மாட்டுவான் என்று நினைக்கவே இல்லை.

லிங்கேசிடமும் இன்று பேசினேன். "இந்த ஒரு மேட்ச் மட்டும்ணே" என்கிறான். அவனை நிறுத்து. இது கிடைத்ததும் ஒச்சாண்டியைப் போய்ப் பார்.

மாரி


ஓசூர்
4.11.2024

அன்புள்ள ஜெய்லானி,

லிங்கேசு விழுந்ததைப் பேஸ்புக்கில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. தீபாவளிக்கு வருஷா வருஷம் முதல் போன் உன்னுடையதாகத்தான் இருக்கும். இந்த வருஷம் சாயங்காலம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

திட்டியாவது எழுது.

மாரி


தேனி
19.12.2024

அன்புள்ள மாரிக்கு,

ஆஸ்பத்திரியில் லிங்கேசு படுத்திருக்கிற வார்டுக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முந்தாநாள் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். ஆனால் எட்டு, ஒன்பது மாதம் ஓடக் கூடாது. ஜனவரி செலக்சன் அவனுக்கு இல்லை.

உன் ஸ்பீடு போஸ்ட் அக்டோபர் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை வந்தது. அவன் விழுந்தது முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, போடி அணியோடு. ஐந்தாவது ஆட்டம். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் தள்ளவில்லை. பந்துக்காகத் திரும்பினான், உட்கார்ந்துவிட்டான். தூக்கப் போன என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எதுவும் இல்லண்ணே, எந்திரிச்சுருவேன்" என்றான். எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாள் உன் கடிதத்தைப் படித்ததும் உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. நான் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று லத்திபாவிடம் கத்தினேன். அவள், "அவுக சொன்னா நம்பியிருப்பீகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒச்சாண்டியைத் தேடி சுருளிப்பட்டிக்குப் போனேன். திராட்சைப் பந்தலுக்கடியில் குலைகளுக்குக் காகிதம் கட்டிக்கொண்டிருந்தான். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். வேலையை நிறுத்தாமலே கேட்டான்.

"எல்லார் முன்னாடியும்தானண்ணே என்னயக் கூப்புட்டுப் போனீக?"

அடுத்த பயிற்சியில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அதன் பிறகுதான் வந்தான். "லிங்கேசுக்காக வாரேன்" என்றான். மீதி ஆட்டம் எல்லாம் ஆடினான், ஐந்து கோல் அடித்தான். ஆனால் என்னிடம் பேசுவதில்லை. நான் இடத்தை மாற்றிச் சொன்னால் அதன்படி நிற்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கடைசி ஆட்டத்தில் டிரா செய்து ஆறாம் இடத்தில் தப்பித்தோம். உன் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடு.

இத்தனை நாள் உனக்கு எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. வேறு ஒன்று இருக்கிறது. அதை முதலில் லிங்கேசிடம் சொல்லிவிட்டு உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தேன். இன்று காலையில் அவனிடம் சொன்னேன்.

ஜூலை மாதம் ஒரு நாள் பயிற்சி முடிந்து கேலரிப் படியில் இறங்கும்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வலது காலை இறக்கி வைத்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வலையைச் சுருட்டுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். அவன் இல்லாமல் என்னிடம் பின்வரிசையே இல்லை, மாரி. உன் முதல் கடிதம் வந்தபோது எனக்குத் தெரியாத எதையும் நீ எழுதியிருக்கவில்லை. நீ எழுதியது மெய்யா என்று பார்க்கப் பயந்துதான், யார் சொன்னது என்று தேடினேன்.

இதைச் சொன்னபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"தெரியும்ணே" என்றான். "நீங்க பாத்தத நானும் பாத்தேன். நீங்க ஒண்ணும் சொல்லலியா, அப்ப ஆடலாம்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

வெளியே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகிறது. லத்திபாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உன் முதுகு பஸ்சைத் தாங்குமென்றால் ஒரு நடை வா. திங்கட்கிழமை வரை இங்கேதான் இருப்போம். எலும்பு வார்டு, இரண்டாவது மாடி.

ஜெய்லானி