தலையணை உறைக்குள் இருந்த மாத்திரை

அன்பு மகள் சின்னவளுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நான் பிழைத்துக்கொண்டேன், எழுந்து உட்காருகிறேன், நீ சுகமாயிருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். அங்கே பயிற்சியில் நாள் முழுக்க நிற்கிறாயாமே, காலுக்கு நல்ல செருப்பாக வாங்கிக்கொள். உன் அம்மா தினமும் வந்து என்னை விட்டுவிட்டு அடுத்த கட்டில்காரனின் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டு போகிறாள். நெஞ்சுவலி என்று உன் அண்ணன் போனில் சொல்லியிருப்பான், மீதி அவனுக்கே தெரியாது. எனக்குப் போனில் சொல்ல வாய் வரவில்லை. இதை எழுதுகிற பொண்ணு உன்னைப் போலவே பார்மசி படித்துக்கொண்டு இந்த வார்டுக்குப் பயிற்சிக்கு வந்தவள்.

நான் சேர்ந்த செவ்வாய்க்கிழமை காலை இவள் ஒரு தாளோடு வந்து, வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க தாத்தா, வலி மாத்திரை ஏதாவது உண்டா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சர்க்கரை மாத்திரை மட்டும்தாம்மா என்றேன். முட்டிவலி மாத்திரை அப்போதே தலையணை உறைக்குள் இருந்தது. லீவில் வந்தபோது ஐந்து நாளைக்கு மட்டும் என்று நீ கொடுத்தாயே, அதேதான். காலி அட்டையைக் கடையில் நீட்டி நீட்டி எட்டு மாதமாக வாங்கித் தின்றிருக்கிறேன். சொன்னால் யார் கொடுத்தது என்று கேட்பார்கள், படிப்பு முடியுமுன்னே உன் பேர் கெடும் என்று பயந்தேன். வார்டிலும் ஒளித்து ஒளித்துப் போட்டுக்கொண்டேன். இவர்கள் நெஞ்சுக்காக ரத்தத்தை இளக்குகிற மருந்து கொடுக்க, இரண்டும் சேர்ந்து வெள்ளிக்கிழமை ரத்த வாந்தி. ஏதோ வலி மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று ஊகித்த பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் இவளைப் பிடித்துக்கொண்டார், பேஷண்ட் என்ன சாப்பிடுறார்னு கேட்கத் தெரியல, நீயெல்லாம் என்ன படிச்சே என்றார். பயிற்சித் தாளில் கையெழுத்து கிடையாதாம், மருந்துக் கிடங்கில் போய்ப் பெட்டி அடுக்கச் சொல்லிவிட்டார். கேட்டேன் சார் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் தூங்குகிறவன் மாதிரி கண்ணை மூடிக் கிடந்தேன். என் பிள்ளையைக் காப்பாற்ற இன்னொருத்தன் பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்டேன் சின்னவளே.

இன்றைக்குக் கிடங்கிலிருந்து வந்து, இப்ப எப்படி இருக்கு தாத்தா என்று கேட்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு கடிதம் எழுதித் தாம்மா என்றேன். தலையணை உறை விஷயத்தை நான் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்து, மூணு தடவை கேட்டேனே தாத்தா என்றாள். திட்டும்மா என்றேன். திட்டுறதுக்கு முன்னாடி மிச்சத்தை எடுங்க என்று கையை நீட்டினாள், ஒன்றுவிடாமல் கொடுத்தேன். அப்புறம், அக்கா கொடுத்ததையும் எழுதணுமா என்று கேட்டாள். அந்த நேரத்திலும் உனக்காக யோசித்தாள் பார். எல்லாத்தையும் எழுது என்றேன்.

பெரிய டாக்டர் நாலு மணிக்கு வருவார். நர்ஸம்மா அவருக்கு இதை வாசித்துக் காட்டுவார், அதற்குப் பிறகுதான் தபாலில் சேர்க்க வேண்டும். உன்னை யாராவது விசாரித்தால் ஐந்து நாள் என்றுதான் சொன்னேன், அப்பன்தான் கேட்கவில்லை என்று சொல். கோபமிருந்தால் ஒரு மாதம் பேசாதே, அதற்கு மேல் என்னால் ஆகாது. நேரத்துக்குச் சாப்பிடு. உன் கை பட்ட மருந்தெல்லாம் பலிக்கட்டும், நீ நூறு வயசு நல்லா இரு. ரேகையை டாக்டர் கண்ணெதிரே வைப்பதாகச் சொல்லி, கீழே இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

உன்னைப் பெற்ற அப்பா
(இடது பெருவிரல் ரேகை)