முன்னால் நின்று கேட்டது

பிரிக்பீல்ட்ஸ்,
3 பிப்ரவரி 2024

அன்பு அழகிரிக்கு,

கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், கிண்டல் செய்யாமல் படி. போனில் கூப்பிட்டால் "ஹலோ" சொல்வதற்குள் லைன் போய்விடுகிறது. மெசேஜ் எப்போது வந்து சேருகிறதோ, அந்த ஆற்றுக்கே வெளிச்சம். காப்பிட்டிலிருந்து படகில் தபால் ஒழுங்காக வருகிறதென்று உன் அம்மா சொன்னார்கள். கிள்ளான் பாசாரில் மீன் வாங்கும்போது பார்த்தேன், நன்றாக இருக்கிறார்கள். "என் பிள்ளைய ஏன்டா சரவாக் காட்டுல கொண்டுபோய் போட்டானுங்க? கிள்ளான்ல ஸ்கூலே இல்லையா?" என்று என்னிடம் சண்டை பிடித்தார்கள், ஆசிரியர்களை எங்கே அனுப்புவது என்று கல்வி அமைச்சு என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வது மாதிரி.

பாண்ட் செய்திக்கு வருகிறேன். நீ போன பிறகு சீதாலெட்சுமியின் பேஸ் கிதாரும் என் கிதாரும் மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தோம். துக்க வீட்டில் பாடுவது போல இருந்தது. அதனால் ட்ரம்முக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறோம். பெயர் இர்ஃபான், காரைக்கால்காரன், பங்சாரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு விசாவில் வந்திருக்கிறான். காதில் ஹெட்போன் மாட்டி, டிக் டிக் என்று ஒரு சத்தத்தை ஓடவிட்டு, அதற்கு ஒரு நூல் பிசகாமல் அடிக்கிறான். நம் முதல் ட்ரம்மர் ஜெயராஜ் இருந்தபோது அவன் சிம்பல் தட்டுச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் தொண்டை போயிற்று. எல்லாரும் நம் 'ஈரச்செங்கல்' ஒரு கோபக்கார பாண்ட் என்று நினைத்தார்கள். எனக்கு என் குரலே கேட்காத எரிச்சல், அவ்வளவுதான். பிறகு நீ வந்தாய், எல்லாம் ஆமை வேகத்துக்கு இறங்கியது. இப்போது இவன்.

கவலைப்படாதே. அழகிரி வரும்வரைதான் என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். உன் பாணியிலேயே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன், அவனும் அப்படியே வாசிக்கப் பார்க்கிறான். "அழகிரி அண்ணன் இந்த இடத்துல என்ன பண்ணுவாருண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நீ இல்லாமல் இங்கே ஒன்றும் சரியில்லை. சீக்கிரம் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து சேர்.

உன்
குகன்


25 பிப்ரவரி 2024
காப்பிட்டுக்கு மேலே, ஆற்றோரம்

அன்புள்ள குகா,

உன் கடிதம் நனைந்துதான் வந்தது, ஆனால் கிண்டல் எதுவும் அழியவில்லை. அம்மாவைப் பார்த்ததற்கு நன்றி.

நான் நலம். கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், சாயங்காலம் ஆற்றில் குளிக்கிறேன், மீடின் கீரை சமைக்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு இங்கே பிடிக்காமல் இல்லை. எங்கள் குரு பெசார், தலைமையாசிரியர், இபான் இனத்தவர், நல்ல மனிதர். துணைத் தலைமையாசிரியராக இங்கேயே தங்கிவிடு என்று கேட்டார். பாண்ட் இருக்கிறது, போக வேண்டும் என்றேன். என் முன்வழுக்கையைப் பார்த்துச் சிரித்தார்.

மாற்றல் மனு போட்டுவிட்டேன். கிள்ளானில் ஒரு இடம் காலியாகிறது, கிடைத்துவிடும் போலிருக்கிறது. மாற்றலா, இந்தப் பதவியா என்று ஏப்ரல் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. நீங்கள் காத்திருக்கிறீர்கள்.

இர்ஃபானிடம் ஒன்று சொல். ஸ்னேர் ட்ரம்மில் அடியை நான் கொஞ்சம் பிந்தித்தான் போடுவேன். நீ சோம்பல் என்பாய். அது சோம்பல் இல்லை. நீ ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டு மூச்சு வாங்குகிறவன். நான் பிந்தினால் அந்த வார்த்தை வெளியே வந்துவிடும். சீதாவுக்கு அது தேவையில்லை, உனக்குத்தான் தேவை. வேறெதிலும் அவன் என்னைப் போல வாசிக்க வேண்டாம், பாவம், அவனுக்கென்று ஒரு கை இருக்கும்.

அவன் வாசித்த ஒரு பாட்டைப் பதிவு செய்து பென்டிரைவில் அனுப்பு. இங்கே இன்டர்நெட்டை நம்பாதே. கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அழகிரி


பிரிக்பீல்ட்ஸ்,
18 மார்ச் 2024

அன்பு அழகிரிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீசில் வேலை, பிறகு காய்ச்சல், பிறகு சோம்பல். நீ ஆசிரியர், உண்மையான காரணத்தை நீயே பொறுக்கிக்கொள்.

பென்டிரைவ் இத்துடன் இருக்கிறது. ஒரு பாட்டுதான், "துணி காயல." நீ போவதற்கு முந்தின வாரம் புதிதாகப் பிடித்து, முழுசாகக்கூட முடிக்காமல் ஓரிரு தடவை ஓட்டிப் பார்த்தோமே, அந்தப் பாட்டு. கிள்ளான் ஜாமிங் ஸ்டூடியோவில் பதிவு செய்தது, ட்ரம் இர்ஃபான்.

அழகிரி, இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு எங்கே மூச்சு விட வேண்டும் என்று அந்த ட்ரம்முக்குத் தெரிகிறது. பாடுகிறவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போகிறது. இப்படி ஒரு வாசிப்பை நான் என் பாட்டுக்குக் கேட்டதில்லை. எல்லாம் நீ சொல்லி அனுப்பியதால்தான், உன்னை மாதிரியே வாசிக்கிறான். அதனால் நீ நிம்மதியாக இரு, பாண்ட் உன் கையை விட்டுப் போகவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஆகஸ்ட்டில் ஒரு நிகழ்ச்சி பேசியிருக்கிறார்கள். ஆல்பமும் ஆரம்பிக்கலாம் என்று ஒரு எண்ணம். சீதா உன்னை விசாரித்தாள். அவள் கொஞ்ச நாளாக என்னை முறைக்கிறாள், காரணம் கேட்காதே.

உன்
குகன்


14 ஏப்ரல் 2024
காப்பிட்டுக்கு மேலே

அன்புள்ள குகா,

புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே நான் ஒருவன்தான் தமிழன், பாயசம் வைத்து ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கொடுத்தேன். தித்திப்பு போதாது என்றார்கள்.

பாட்டைக் கேட்டேன். குரு பெசாரின் ஸ்பீக்கரில் ஒரு தடவை, பிறகு என் அறையில் எத்தனையோ தடவை.

ட்ரம் அடிப்பவன் தன் பாண்டை முன்னால் நின்று கேட்டதே இல்லை. நீயும் சீதாவும் எனக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பீர்கள். எனக்குக் கேட்டதெல்லாம் என் காலடியில் பெடல் சத்தம், காதருகில் சிம்பல், தூரத்தில் உன் குரல். முதல் தடவையாக நம் பாண்டை முன்னால் நின்று கேட்கிறேன். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

நீ சொல்வது தவறு. அவன் என்னை மாதிரி வாசிக்கவில்லை. என்னைவிட நன்றாக வாசிக்கிறான். இரண்டாவது சரணத்தில் நீ "மழை பெய்யல, துணியும் காயல" என்று இழுக்கும்போது அவன் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறான். அந்த இடத்தில் சும்மா இருக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று உனக்குத் தெரியாது. நானாக இருந்தால் பயந்துபோய் எதையாவது போட்டு நிரப்பியிருப்பேன். பிறகு அவன் திரும்ப உள்ளே வரும்போது சீதாவின் பேஸ் சிரிக்கிறது. என்னோடு அவள் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை.

மறைப்பானேன், பொறாமையாக இருந்தது. முகம் தெரியாத ஒருவனைச் சில நாள் வெறுத்தேன். பிறகு யோசித்தேன். இப்படி ஒருவனை எனக்காக எழுந்து போகச் சொன்னால் அது பாவம். நீங்கள் நட்புக்காகச் செய்வீர்கள், நான் அதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

மாற்றல் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். குரு பெசாரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இனி அவனைத் தற்காலிகம் என்று சொல்லாதே. என் வாழ்த்தைச் சொல்.

அன்புடன்,
அழகிரி


பிரிக்பீல்ட்ஸ்,
2 ஜூன் 2024

அழகிரி,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது. எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன். நேற்று சீதாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்து முடித்துத் தன் பேஸைக் கீழே வைத்தாள். "நீ எழுதுறியா, இல்ல நான் எழுதவா? ஒரு மனுசனோட வாழ்க்கைடா இது, விளையாட்டு இல்ல லா" என்றாள். அதனால் எழுதுகிறேன். அவள் சொல்லாவிட்டால் எழுதியிருப்பேனா என்று கேட்காதே.

நீ கேட்ட பாட்டில் ட்ரம் வாசித்தது இர்ஃபான் இல்லை. நீதான்.

நீ போவதற்கு முந்தின வாரம் வரிகளை மறந்துவிடக் கூடாதென்று ரெக்கார்டரை என் பக்கத்து ஸ்டூலில் வைத்திருந்தேன். அணைக்க மறந்து அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அந்தப் பதிவைத்தான் அனுப்பினேன். அந்த சரணத்தில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தது நீ. கண் கலங்கிற்று என்று எழுதினேனே, அது மட்டும் பொய்யில்லை.

ஏன் செய்தேன் என்றால், இர்ஃபான் வாசித்த நிஜப் பதிவைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். உன் காதால் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அதில் நாம் இல்லை, அழகிரி. அவன் உன் பாணியை முயன்று பார்த்து இரண்டாவது வாரமே விட்டுவிட்டான், நான்தான் உனக்கு வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். அவன் தாளத்தை முன்னால் தள்ளுகிறான். சீதா இப்போது குனிந்து மும்முரமாக வாசிக்கிறாள். எனக்கு மூச்சு விட நேரமில்லாததால் பாட்டில் வார்த்தைகளையே குறைத்துவிட்டேன். முன்பெல்லாம் கூட்டம் நின்று கேட்கும், இப்போது ஆடுகிறது. பயிற்சியில் சண்டையே இல்லை. முடிந்ததும் சேர்ந்து போய் ரொட்டி சானாய் சாப்பிடுவதும் இல்லை, அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். எனக்கு இது பிடித்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ மனு போட்டுவிட்டேன் என்று எழுதியபோது பயந்துபோனேன். உன்னையும் இழக்காமல், இவனையும் விடாமல் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ அப்படிச் செய். நீ மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கொஞ்சம் கழித்துத்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அந்த முதல் நிமிடத்தை நினைத்தால் எனக்கு என்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

இர்ஃபானின் நிஜப் பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மனுவை மறுபடி போட வழி இருக்கிறதா? போட்டுவிட்டு வா. இர்ஃபானிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவனிடம் முதலிலேயே சொல்லி வைத்ததுதானே. பதில் எழுது. திட்டியாவது எழுது.

குகன்


23 ஜூன் 2024

குகா,

மனுவை அடுத்த ஆண்டுதான் மறுபடி போட முடியும். போடப்போவதில்லை. துணைத் தலைமையாசிரியர் வேலையை ஏற்றுக்கொண்டாயிற்று, பிள்ளைகளிடமும் சொல்லியாயிற்று. அம்மாவுக்குப் போன் செய்து அரைகுறையாகக் கேட்ட லைனில் விளக்கினேன். பாதிதான் புரிந்தது, அழுதார்கள்.

இர்ஃபானின் பாட்டைக் கேட்டேன். நன்றாக இருக்கிறது. அது வேறு பாண்ட், அதுவும் நல்ல பாண்ட். நீ அதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் கொஞ்ச நாள் வருத்தப்பட்டிருப்பேன். பிறகு வருவதா இருப்பதா என்று நானே முடிவு செய்திருப்பேன். ஒருவேளை இதையேதான் செய்திருப்பேன். இப்போது அது எனக்குத் தெரியப்போவதில்லை.

உன் கடிதத்துக்குப் பிறகு பழைய பதிவையும் ஒரு தடவை போட்டேன். வாசித்தது நான்தான் என்று தெரிந்ததும் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டேன். இடது கை கனமாக இருக்கிறது. அந்த சரணத்தில் கையை எடுத்தது தைரியமே இல்லை, புதுப் பாட்டு, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் நின்றிருப்பேன். நான் பொறாமைப்பட்ட அந்த ஆளை இப்போது எவ்வளவு தேடினாலும் அதில் காணவில்லை. அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஜெயராஜ் போன நாளிலிருந்து உன் பின்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். ஆமை என்றாய், சோம்பேறிக் கை என்றாய், நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு நாளாவது நன்றாக வாசித்தாய் என்று சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொன்னபோது, அதை வேறொருவன் வாசித்தது என்று எழுதிவிட்டாய். நானும் நம்பிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

கோபமா என்று கேட்டால், ஆமாம். குறையுமா என்று தெரியவில்லை. ஆகஸ்ட் நிகழ்ச்சி நன்றாக நடக்கட்டும், அதை மனதாரத்தான் சொல்கிறேன். சீதாவுக்கு என் அன்பைச் சொல்.

இர்ஃபானை அனுப்பிவிடாதே. அவனிடம் பேசிக்கொள்கிறேன் என்று அவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறாய். அவனும் உன் முதுகைப் பார்த்துத்தான் வாசிக்கிறான். எனக்கு இனி எழுத வேண்டாம். அடுத்த பயிற்சியில் பாட்டு முடிந்ததும் ஒரு தடவை திரும்பி நில். நன்றாக வாசிக்கிறாய் என்று அவனிடம் சொல். அவன் அங்கே இருக்கும்போதே சொல்.

அழகிரி