சாக்லேட்டும் சத்துதானாம்

என்னங்க,

உங்கள் ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம் குறைவாம். சர்க்கரை ஏறினால் அது சிறுநீரோடு போய்விடும் என்றார் டாக்டர். தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்து என்னை உதைக்கிறீர்களே, அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாமாம். அதனால் உதைத்ததை மட்டும் மன்னித்தேன்.

"சாக்லேட்லயும் மெக்னீசியம் இருக்கும்மா" என்று நேற்று கதை விட்டீர்களே, சட்டைகளுக்கு அடியில் நீங்கள் ஒளித்திருந்த அந்தப் பெரிய சாக்லேட் கட்டியை நானே தின்றுவிட்டேன். எனக்கும் சத்து வேண்டாமா?

கீரை அடுப்பில் இருக்கிறது, வறுத்த பூசணி விதை மேசையில். உங்கள் தம்பி வந்தால் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மெக்னீசியம் மாத்திரை வாங்க வேண்டாம்.

பி.கு.: மதியம் ஃபோன் செய்யுங்கள். சாக்லேட் சண்டை இன்னும் முடியவில்லை, அதனால் பேச மாட்டேன். சாப்பிட்டேன் என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.